சுளுக்கை இழுத்துவிடலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். பத்து நாள்களுக்கு முன்பு, மழையில் நனைந்திருந்த புளோக் படியில் என் அம்மாவுக்கு (வயது 61) வலது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. அன்று மாலையே தெரிந்த ஒருவரை வரவழைத்து, எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு எடுத்தோம். மறுநாள் கணுக்கால் வீங்கி, விரல்வரை கறுத்துவிட்டது. இன்னும் நொண்டித்தான் நடக்கிறார். எலும்பு விலகியிருக்குமா? மறுபடி இழுத்துவிடலாமா?
வாசகி, யீஷூன்

பதில்: இழுத்துவிட வேண்டாம், சகோதரி. ‘சுளுக்கு எடுப்பது’ என்று சொல்லிச் சொல்லியே, ஏதோ இடம் பிசகி நிற்கிறது, அதைத் தள்ளிவிட்டால் சரியாகிவிடும் என்று நாம் நம்பிவிட்டோம். சாதாரணச் சுளுக்கில் எலும்பு விலகுவதில்லை. எலும்போடு எலும்பைக் கட்டிவைத்திருக்கும் தசைநார் அளவுக்கு மீறி இழுபட்டு, சில இழைகளோ முழுவதுமோ கிழிந்திருக்கும். பாதம் உள்பக்கம் மடங்கும்போது, வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் கணுக்கால் எலும்புக்குச் சற்று முன்னால் உள்ள நார்தான் பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படும். ஏற்கெனவே இழுபட்டுக் கிழிந்த நாரை அன்றே அழுத்தித் தேய்த்தால் உள்ளே இரத்தக் கசிவும் வீக்கமும் கூடக்கூடும். கசிந்த இரத்தம் கீழ்நோக்கி இறங்குவதால்தான் அடிபடாத விரல்களும் கறுத்திருக்கின்றன. அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

எனக்குக் கவலை தருவது வேறு: எலும்பு முறிந்திருக்குமோ என்பதுதான். கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட எளிய வரைமுறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அடிபட்டவுடனும் மருத்துவர் பார்க்கும்போதும் நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியாதவருக்கும், கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலிப்பவருக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கு நேர் பின்னால் நடுப்பகுதியில் புடைத்திருக்கும் எலும்பிலும் உள்பக்க வளைவின் மேட்டிலும் அழுத்தினால் வலித்தாலும் அவ்வாறே. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு அடர்த்தி குறைவதுண்டு என்பதால், அம்மாவை இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள்.

முறிவு இல்லை என்று தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு படுக்கையில் கிடத்திவைப்பதுதான் தவறு. முதல் இரண்டு மூன்று நாள்களுக்குத்தான் ஓய்வும், துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை ஒவ்வொரு தடவையும் 15 முதல் 20 நிமிடம் வைப்பதும், காலைத் தலையணை மேல் உயர்த்திவைப்பதும். டைகர் பாம் போன்ற தைலங்கள் தோலில் குளிர்ச்சியும் சூடும் காட்டி வலியை மறக்கச் செய்யும். கிழிந்த நாரை ஒட்டவைக்காது. இப்போது அம்மாவுக்குத் தேவை அசைவு. நாற்காலியில் உட்கார்ந்து, கட்டைவிரல் நுனியால் காற்றில் ‘அ’ முதல் ‘ஔ’ வரை எழுதச் சொல்லுங்கள். அத்தனை வளைவுகளையும் எழுதி முடிப்பதற்குள் கணுக்கால் எல்லாத் திசைகளிலும் திரும்பிவிடும். வலி குறைந்ததும், சமையலறைத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றைக்காலில் அரை நிமிடம் நிற்கப் பழக வேண்டும். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை மூளைக்கு உணர்த்தும் நரம்பு முனைகள் இந்த நாரிலும் உள்ளன. அவற்றைப் பழக்காமல் விடுவதால்தான் ஒருமுறை சுளுக்கிய கால் மறுபடி மறுபடி மடங்குகிறது.

கேள்வி: ஐபிபிடி தேர்வுக்காக (தேசிய சேவையாளர்களுக்கான உடற்தகுதித் தேர்வு) 2.4 கிலோமீட்டர் ஓட்டம் பழகியபோது, கடைசிச் சுற்றில் வேகமெடுத்ததும் தொடையின் பின்புறம் ‘சுரீர்’ என்று இழுத்துக்கொண்டது. இதுவும் சுளுக்குத்தானா?
வாசகர், செங்காங்

பதில்: இல்லை. மூட்டு நார் கிழிவது சுளுக்கு. உங்களுக்கு நேர்ந்திருப்பது தசை இழைகளின் கிழிசல். வலிக்கும் தசையை உடனே நீட்டி வளைத்து உருவிவிடுவதே பலர் செய்யும் தவறு. முதலில் மெதுவான நடை, பிறகு வலிக்காத அளவுக்கு வலுவூட்டும் பயிற்சி, அதன்பின் மெல்லோட்டம் என்று படிப்படியாகத் திரும்புங்கள். முழு வேக ஓட்டம் கடைசியில்தான், அதற்குச் சில வாரங்கள் ஆகும். தொடையில் பள்ளம் விழுந்ததுபோல் தெரிந்தாலோ, பெரிய கன்றல் பரவினாலோ, கால் ஊன்ற முடியாவிட்டாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தேர்வுத் தேதி நெருங்கியிருந்தால் மருத்துவச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளத் தயங்காதீர்கள். ஆறுமுன் ஓடினால் அதே இடத்தில் மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம்.