வாசகர் கேள்வி–பதில்: ‘எஸ்கிமோ நெல்’லும் நம் ஊர்ப் பயாஸ்கோப் தணிக்கையும்

கேள்வி: 1975இல் வெளியான ‘எஸ்கிமோ நெல்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைப் படத்தை என் மகன் எங்கிருந்தோ தேடிப் பிடித்து வைத்திருக்கிறான். கேட்டால், “அப்பா, இது நீலப்படம் இல்லை, நீலப்படம் எடுக்கிறவர்களைக் கேலி செய்கிற படம்” என்கிறான். இது உண்மையா, சாக்கா?
— சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: உண்மைதான், ஐயா. கொஞ்சம் சாக்கும் கலந்திருக்கலாம். ஏனென்றால் படத்தில் ஆடையில்லாத காட்சிகளுக்குக் குறைவில்லை, பிரிட்டனில் அது வயது வந்தோருக்கு மட்டுமான எக்ஸ் சான்றிதழோடுதான் திரைக்கு வந்தது. பிள்ளை பதினெட்டைத் தாண்டியவன் என்றால் விட்டுவிடுங்கள்.

கதை இதுதான். சினிமாக் கனவோடு லண்டனில் அலையும் ஓர் இளம் இயக்குநர், பெண் வாடையே அறியாத ஒரு கதாசிரியர், தயாரிப்பாளராகத் துடிக்கும் இன்னொருவர் ஆகிய மூவரும், ராய் கின்னியர் நடித்த பென்னி மர்டாக் என்ற கீழ்த்தரமான படமுதலாளியிடம் போய்ச் சேர்கிறார்கள். ஆண்கள் கூடும் இடங்களில் வாய்மொழியாகப் பரவிய ‘எஸ்கிமோ நெல்’ என்ற கொச்சைக் கதைப்பாடலைப் படமாக்க வேண்டும் என்கிறார் அவர். பணம் போட ஆட்கள் கிடைக்கிறார்கள். ஆனால் ஒருவருக்குப் பச்சையான நீலப்படம் வேண்டும், இன்னொருவருக்குத் தன் காதலியைக் கதாநாயகியாக்கிக் குங்ஃபூ சண்டையும் பாட்டும் நிறைந்த படம் வேண்டும், மூன்றாமவருக்கு ஓரினக் காதல் சொல்லும் கௌபாய் படம் வேண்டும். மர்டாக் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட, ஒழுக்கத்தைக் காக்கப் புறப்பட்ட ஒரு சீமாட்டியின் உதவிக்காகக் குடும்பத்தோடு பார்க்கத்தக்க படமாகவும் அதையே எடுக்க வேண்டிய நிலை வருகிறது. ஆக, ஒரே தலைப்பில் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவருக்காகப் பல படங்கள் உருவாகின்றன. அரச குடும்பத்தினர் வருகை தரும் சிறப்புக் காட்சியில் எந்தப் படச்சுருள் தவறிப்போய் ஓடும் என்பதை நான் சொல்லாமலே ஊகித்திருப்பீர்கள்.

‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ பலகையை மாட்டிக்கொண்டு, கதையும் இல்லாமல் காசும் இல்லாமல் தகப்பனார் பாலையாவின் உயிரை எடுக்கும் நாகேஷை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பணத்துக்குக் கெஞ்ச வேண்டியது ஒரு தகப்பனாரிடம்தான்; இங்கே ஆளுக்கொரு கதையைக் கையில் வைத்துக்கொண்டு பல தகப்பன்மார் நிற்கிறார்கள். ஆடை அவிழ்ப்பைப் பார்த்து எழும் சிரிப்பு இந்தப் படத்தில் சீக்கிரமே சலித்துவிடுகிறது. பணம் கொடுப்பவனின் மனம் கோணாமல் கதையை மாற்றி மாற்றி வளைக்கும் இடங்களில்தான் படம் உயிரோடு இருக்கிறது. திரைக்கதையை எழுதி இயக்குநர் வேடத்தில் தாமே நடித்த மைக்கேல் ஆம்ஸ்ட்ராங், தம் தொழிலில் பட்ட அடிகளையே எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. படத்தை இயக்கிய மார்ட்டின் கேம்பல் பின்னாளில் ‘கோல்டன் ஐ’ (1995), ‘கசினோ ராயல்’ (2006) என்ற இரண்டு ஜேம்ஸ் பாண்ட் படங்களை இயக்கினார் என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள்; அவனுக்குத் தெரிந்திருக்காவிட்டால் ஒரு வெற்றி உங்களுக்கு.

கேள்வி: அந்தக் காலத்து இங்கிலாந்தில் இப்படிப்பட்ட படங்கள் ஏன் புற்றீசல் போலக் கிளம்பின? நாகரிகத்துக்குப் பேர்போன நாடாயிற்றே!
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: நாகரிகத்தைக் கல்லாப் பெட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்த பிறகு குடும்பங்கள் திரையரங்குக்குப் போவதைக் குறைத்துக்கொண்டன. வீட்டுப் பெட்டியில் காட்ட முடியாத ஒன்றைக் காட்டினால்தான் ஆள் வருவான் என்ற நிலை பிறந்தது. 1970இல் எக்ஸ் சான்றிதழுக்கான வயது 16இலிருந்து 18ஆக உயர்ந்ததும், வளர்ந்தவர்களுக்குத்தானே காட்டுகிறோம் என்று தணிக்கையாளர்களும் பிடியைச் சற்றுத் தளர்த்தினார்கள்.

இதற்குமேல் ‘ஈடி லெவி’ என்றொரு வரி இருந்தது. நிதித்துறை அதிகாரி வில்ஃபிரட் ஈடியின் பெயரால் வழங்கிய இந்த ஏற்பாடு 1950இல் தன்னார்வமாகத் தொடங்கி, 1957இல் சட்டமாகி, 1985இல் நீக்கப்பட்டது. விற்ற ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு சிறு பங்கைப் பிடித்து, அதைப் பிரிட்டிஷ் படங்களுக்கு அவற்றின் வசூலுக்கு ஏற்பப் பகிர்ந்து கொடுத்தார்கள். நல்ல உள்நாட்டுப் படங்களை வளர்க்க வந்த திட்டம்தான். ஆனால் வசூல்தான் அளவுகோல் என்றான பிறகு, சில வாரங்களில் மலிவாக எடுத்து முடித்த படுக்கையறைக் கேலிப் படத்துக்கும் அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது. சன்னல் துடைக்கும் இளைஞன் ஒருவனின் லீலைகளைச் சொல்லும் ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ விண்டோ கிளீனர்’ 1974இல் பெரும் வசூலை அள்ளியதும் மற்றவர்கள் அதே பாதையில் ஓடினார்கள். ‘எஸ்கிமோ நெல்’லைத் தயாரித்த ஸ்டான்லி லாங்கும் இத்தகைய படங்களிலேயே காசு பார்த்தவர்தான். தன் கடையையே தான் கேலி செய்யும் துணிச்சல் அவரிடம் இருந்தது என்பதை மட்டும் மறுப்பதற்கில்லை.

நான் சொன்ன ஒழுக்கச் சீமாட்டியின் பெயர் படத்தில் லேடி லாங்ஹார்ன். லார்ட் லாங்ஃபோர்ட் என்ற பிரபு ஆபாச எழுத்தையும் படத்தையும் ஆராயக் குழு அமைத்து, அதற்காகக் கோபன்ஹேகன் நகரத்துக்கே நேரில் சென்று பார்த்து, 1972இல் தடித்த அறிக்கை ஒன்றை வெளியிட்டார். டென்மார்க் 1969இல் ஆபாசப் படங்களுக்கு இருந்த தடையை நீக்கியிருந்தது. தீயதைத் தடுக்கப் புறப்பட்டவர் நேரிலேயே போய்ப் பார்த்ததைப் பத்திரிகைகள் விடுமா? அந்தக் கேலியின் எதிரொலிதான் சீமாட்டியின் பெயர்.

கேள்வி: நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது கிரே ஸ்ட்ரீட் பயாஸ்கோப்புகளில் (திரையரங்குகளில்) இப்படிப்பட்ட படங்கள் வந்ததாக நினைவே இல்லை. நமக்கு மட்டும் காட்டாமல் விட்டார்களா?
— டர்பனிலிருந்து ஒரு பெரியவர்

பதில்: உங்கள் நினைவு சரியானது, தாத்தா. நம் தென்னாப்பிரிக்காவின் 1963ஆம் ஆண்டுத் தணிக்கைச் சட்டமும் அதன் இடத்தைப் பிடித்த 1974ஆம் ஆண்டுப் பிரசுரச் சட்டமும், எந்தப் படமும் முன்கூட்டியே அனுமதி பெறாமல் திரைக்கு வரக்கூடாது என்றன. ஆபாசம், இறை நிந்தை, இனங்களுக்கிடையேயான உறவுக்குக் கேடு, அரசின் பாதுகாப்புக்குக் கேடு ஆகிய அனைத்தையும் ‘விரும்பத்தகாதவை’ என்ற ஒரே பைக்குள் போட்டுக் கட்டினார்கள். ஆகவே மார்பைக் காட்டிய படத்தையும் நிறவெறியைக் கேள்வி கேட்ட படத்தையும் ஒரே கத்திரிக்கோல் வெட்டியது.

‘நமக்கு மட்டும்’ என்று நீங்கள் கேட்டதிலும் பொருள் இருக்கிறது. வயதைப் போலவே இனத்தையும் நிபந்தனையாக்கி அனுமதி கொடுக்க அந்தத் தணிக்கைக்கு அதிகாரம் இருந்தது. வெள்ளையர் தாங்கக்கூடிய காட்சியைக் கறுப்பின மக்கள் தாங்கமாட்டார்கள் என்று சில நாற்காலிகளில் இருந்தவர்கள் தீர்மானித்தார்கள். ஷா ஜெஹான், அவலான் திரையரங்குகளில் நம்மவர்கள் தனியே உட்கார்ந்து பார்த்த காலம் அது. திருட்டுத்தனமாக ஓர் ஆபாசப் படச்சுருளை வீட்டில் வைத்திருந்தாலும், 1967இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி வைத்திருப்பதே குற்றம்.

இதே அரசு, கறுப்பின மக்களுக்கென்று தான் பிரித்து உண்டாக்கிய ‘தாயகங்க’ளைத் தனி நாடுகள் என்று சொல்லிக்கொண்டதால் அங்கே மட்டும் வேறு சட்டம் செல்லுபடியானது. அவற்றுள் ஒன்றான போப்புதட்ஸ்வானாவில் 1979இல் சன் சிட்டி என்ற சூதாட்ட விடுதி திறந்தது. நேட்டால் மக்களுக்கு இன்னும் பக்கத்தில், போர்ட் எட்வர்டைத் தாண்டி ம்டம்வுனா ஆற்றின் அக்கரையில், டிரான்ஸ்கை என்ற இன்னொரு தாயகத்தின் எல்லைக்குள் 1981இல் வைல்ட் கோஸ்ட் சன் விடுதி வந்தது. இங்கே தடைசெய்யப்பட்ட சூதாட்டமும், இங்கே திரையிட முடியாத அரைகுறை ஆடைப் படங்களும் அப்படிப்பட்ட இடங்களில் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் உட்காரும் கனவான்கள் சனிக்கிழமை ஆற்றைக் கடந்தார்கள். லேடி லாங்ஹார்னைப் படைத்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் இரண்டாம் பாகமே எடுத்திருப்பார்கள்.

கேள்வி: இப்போது இத்தகைய படத்தை வீட்டில் வைத்திருந்தால் போலீஸ் வருமா?
— லெனேஷியா வாசகர்

பதில்: வயது வந்தவர்கள் நடித்து வயது வந்தவர் தனியாகப் பார்க்கும் படமானால் வராது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தத் தடையை, தனியுரிமைக்கு எதிரானது என்று 1996இல் அரசியல் சாசன நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பச்சையான நீலப்படங்களுக்கு எக்ஸ்18 என்ற தனி வகை உண்டு. உரிமம் பெற்ற கடைகள்தாம் அவற்றை விற்கலாம். சிறார் சம்பந்தப்பட்ட எதுவும் அன்றும் குற்றம், இன்றும் குற்றம்.

கேள்வி: கேலிப் படம் என்று எவ்வளவு பூசி மெழுகினாலும், அவிழ்த்துப் போட்டு நிற்பவர்கள் பெண்கள்தானே? சிரிக்கிறவர்கள் யார்?
— மெரிபேங்க் வாசகி

பதில்: சரியான கேள்வி, அம்மா. ‘எஸ்கிமோ நெல்’லில் புத்திசாலித்தனமான வரிகளில் பெரும்பகுதி ஆண்களுக்கே, நடிகை தேர்வுக் காட்சிகளில் பெண்கள் வரிசையாக நிற்க, கேமரா முதலாளியைக் கேலி செய்துகொண்டே முதலாளியின் கண்ணாலும் பார்க்கிறது. ஓரினக் காதலரைக் காட்டும் விதமும் இன்று பார்த்தால் கூசவைக்கிறது. அதை மறைத்து, பழைய படம் என்று சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை.

அடுத்த ஆண்டு, 1976இல், அமெரிக்காவில் வந்த ‘தி ஃபர்ஸ்ட் நியூடி மியூசிக்கல்’ இந்த இடத்தில் ஒரு படி மேல். முழுகிக்கொண்டிருக்கும் ஸ்டுடியோவைக் காப்பாற்ற ஆட்டமும் பாட்டுமாக ஒரு நீலப்படம் எடுக்க முயல்வதுதான் கதை. புரூஸ் கிம்மல் எழுதி, மார்க் ஹாகார்டுடன் சேர்ந்து இயக்கி, உருப்படாத இயக்குநராகவும் நடித்தார். அதில் சிண்டி வில்லியம்ஸ் ஏற்ற ரோசி என்ற காரியதரிசி ஆடையைக் கழற்றுவதில்லை. சுற்றியுள்ள ஆண்களின் மடத்தனத்தை முழு உடையோடு நின்று பார்த்து, நறுக்கென்று பதில் சொல்கிறாள். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், ரோசிக்காக இரண்டாவதைப் பாருங்கள்.