வாசகர் கேள்வி – பதில்: தொகுப்பில் இடம்பெறாத பாடல்கள்

கேள்வி: நாங்கள் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சேர்ந்திசைக் குழுவினர். 1986-இலும் அதன் பிறகும் எங்கள் பாடல்கள் மூன்று ஒலிநாடாக்களாக வெளிவந்தன. அவற்றை வெளியிட்ட நிறுவனம் இப்போது ‘சிறந்த பாடல்கள்’ என்று ஒரு குறுந்தகடு வெளியிட்டிருக்கிறது. எந்த மேடையானாலும் மக்கள் கேட்டு வாங்குகிற, எம்.பி. சீனிவாசன் மெட்டில் நாங்கள் பாடிய பாரதி பாடலும், இசைக்கருவி இல்லாமல் பாடிய இன்னொரு பாடலும் அதில் இல்லை. கேட்டால் சரியான பதிலும் இல்லை. வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டார்களா?
– சத்துவாச்சாரி வாசகர்

பதில்: அந்த முடிவுக்கு உடனே வர வேண்டாம். ஒரு பாடல் விடுபட்டால், யாரோ அதைத் தரம் குறைந்தது என்று தள்ளிவிட்டார்கள் என்றுதான் பாடியவர்களுக்குத் தோன்றும். ஆனால் இத்தகைய முடிவுகளில் பெரும்பாலானவை பாடலைக் கேட்டு எடுக்கப்படுவதில்லை; கோப்பில் இருக்கும் ஒப்பந்தத்தையும் அலமாரியில் இருக்கும் மூல நாடாவையும் பார்த்தே எடுக்கப்படுகின்றன.

ஒரே பாடலில் பாட்டின் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று தனித்தனி உரிமைகள் அடங்கியிருக்கின்றன. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி முதல் இரண்டும் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அவர்களது ஆயுள் முழுவதும், அதன் பிறகு 60 ஆண்டுகளும் உரியவை. ஒலிப்பதிவின் உரிமை பாடிய உங்களுக்கு அல்ல, பதிவுக்குப் பணம் போட்ட தயாரிப்பாளருக்கே உரியது. அது வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் நீடிக்கும். உங்கள் 1986 நாடாவின் ஒலிப்பதிவு 2046 முடியும்வரை அந்த நிறுவனத்தின் கையில் இருக்கும்.

பாரதி பாட்டு பொதுச்சொத்துதானே என்று நீங்கள் கேட்கலாம். வரிகள் பொதுச்சொத்துதான். அவருடைய பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு காலத்தில் ஏவி. மெய்யப்பனிடம் இருந்தது, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த காலத்தில், 1949-இல், மெய்யப்பன் அதை இழப்பீடு எதுவும் வாங்காமல் அரசுக்கு விட்டுக்கொடுத்தார் என்பது தமிழர் பலரும் அறிந்த செய்தி. ஆனால் விடுதலை பெற்றவை பாரதியின் சொற்கள் மட்டுமே. அவற்றுக்குப் பிற்காலத்தில் ஒருவர் மெட்டமைத்தால் அந்த மெட்டு அவருடைய படைப்பு. எம்.பி. சீனிவாசன் 1925-இல் சித்தூரில் பிறந்தவர். 1911 வரை அவ்வூர்தான் நம் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது என்பதால் அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கித் தமிழ்நாட்டில் இந்த இசை முறைக்கே வழி வகுத்த அவர், 1988-இல் மறைந்தார். ஆகவே அவர் அமைத்த மெட்டுகளுக்கு 2048 இறுதிவரை உரிமை உண்டு. 1986-இல் அந்த மெட்டைப் பதிவு செய்ய யாரிடம் அனுமதி வாங்கினார்கள், அந்த அனுமதி ஒலிநாடாவுக்கு மட்டுமா, பிற வடிவங்களுக்குமா என்று கோப்பில் தெளிவாக இல்லையென்றால், வம்பு வேண்டாம் என்று அந்த ஒரு பாடலை எடுத்துவிடுவதே நிறுவனத்தாருக்கு எளிது. மக்கள் மிகவும் விரும்பும் பாடல் இப்படி முதலில் விழுவதில் வியப்பில்லை. வழக்கு வருமானால் அதற்குத்தான் வரும்.

இசைக்கருவி இல்லாத பாடல் விடுபட்டதற்கு வேறொரு காரணம் இருக்கலாம். காந்த நாடாவைச் சுற்றி வைத்திருக்கும்போது ஒரு சுற்றில் பதிந்த ஒலி அடுத்த சுற்றின் மீது மெல்லிய நிழலாகப் பதியும். வெப்பம் மிகுந்த இடத்தில் இது மிகுதியாக நடக்கும். நம்மூர்ச் சித்திரை வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். மேளமும் வயலினும் முழங்கும் பாடலில் அந்த நிழல் காதில் விழாது. வெறும் குரலாகப் பாடி, அடிக்கும் அடிக்கும் நடுவே மூச்சு வாங்கி நிறுத்துகிற பாடலில், அடுத்த அடி தொடங்குமுன்பே அது எங்கோ தூரத்தில் கேட்பது போலத் தோன்றும். மூல நாடா பழுதுபட்டு, கடையில் விற்ற ஒலிநாடாப் பிரதி மட்டும் மிஞ்சியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். உங்களில் யாரிடமாவது நல்ல பிரதி இருந்தால் அதை நிறுவனத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த பதிப்பில் சேர்க்க வாய்ப்புண்டு.

இடப் பற்றாக்குறை என்பதும் ஓரளவு உண்மையே. குறுந்தகட்டில் 74 நிமிடம், மிஞ்சினால் 80 நிமிடம்தான் கொள்ளும். ஆயினும் பென்டிரைவிலும் இணையத்திலும் வரும் தொகுப்புக்கும் இதே சாக்கைச் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். எதை ஏன் விட்டோம் என்று உறையின் பின்புறம் இரண்டு வரி அச்சிட எந்த நிறுவனத்துக்கும் செலவில்லை. அது இல்லாததால்தான் உங்களைப் போன்றவர்கள் மனம் புண்பட வேண்டியிருக்கிறது.

கேள்வி: பீட்டில்ஸ் குழுவின் ‘1’ என்ற தொகுப்பில் ‘பென்னி லேன்’ இருக்கிறது, அதே இசைத்தட்டின் மறுபக்கமாக வந்த ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ இல்லையே?
– ராணிப்பேட்டை வாசகர்

பதில்: அங்கே ஒப்பந்தத்துக்கு வேலையே இல்லை, விதிதான் காரணம். 2000-இல் வந்த அந்தத் தொகுப்பில் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற 27 பாடல்களை மட்டும் சேர்த்தார்கள். 1967-இல் வந்த அந்த இசைத்தட்டு பிரிட்டனில் இரண்டாம் இடத்தோடு நின்றது. அமெரிக்காவில் இரு பக்கங்களும் தனித்தனியே கணக்கிடப்பட்டதால் ‘பென்னி லேன்’ மட்டும் முதலிடத்தைத் தொட்டது. விதியை முதலிலேயே வகுத்துவிட்டதால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. என் விருப்பத்தைக் கேட்டால், விடுபட்ட பாடல்தான் உயர்ந்தது.

நிறுவனம் மாறிய குழுக்களுக்கு வேறு சிக்கல் உண்டு. மைக்கேல் ஜாக்சன் பாடிய ‘ஜாக்சன் 5’ குழுவின் சகோதரர்கள் 1970-களின் நடுவில் மோடவுனை விட்டு எபிக் நிறுவனத்துக்குப் போனபோது, குழுவின் பெயரையே பழைய நிறுவனத்திடம் இழந்து ‘தி ஜாக்சன்ஸ்’ ஆனார்கள். அதனால் மோடவுன் போடும் தொகுப்புகளில் அவர்களுடைய பிற்காலப் பாடல்களைத் தேடுவது வீண்.

கேள்வி: விடுபட்ட பாடலைக் குழுவினரே புதிதாகப் பாடி வெளியிட்டால் சட்டம் தடுக்குமா?
– ஆரணி வாசகர்

பதில்: பழைய ஒலிப்பதிவைத் தொடாமல் புதிதாகப் பாடினால், அதை வெளியிட்ட நிறுவனத்தின் அனுமதி தேவையில்லை, நீங்களே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அதற்குத் தடை எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வரிக்கும் மெட்டுக்கும் உரியவரின் அனுமதி வேண்டும். அவர் மறுத்தாலும், முதற்பதிவு நடந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின் முன்னறிவிப்புக் கொடுத்து, உரிமத்தொகையை முன்கூட்டியே செலுத்தி, உறையில் இது மறுபதிவு என்று அச்சிட்டு வெளியிடச் சட்டத்தின் 31சி பிரிவு இடம் தருகிறது. ஆனால் பொதுவாக ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான தொகையைக் கட்டியாக வேண்டும். ஆயிரம் பிரதி விற்றாலே மகிழும் உள்ளூர்க் குழுவுக்கு அது கட்டுபடியாகாது. ஆகவே உரிமை பெற்றவரையோ அவருடைய வாரிசுகளையோ நேரில் பார்த்து எழுத்துமூலம் அனுமதி வாங்குவதே நல்லது. அந்தக் கடிதத்தில் குறுந்தகடு, பென்டிரைவ், இணையம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்; எத்தனை ஆண்டுகளுக்கு என்பதையும் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும்.