மகனுக்கு டுச்சேன் தசைச் சிதைவு நோய். ஆராய்ச்சிக்கு ரத்தமும் விவரமும் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கொடுங்கள். என் அக்கா மகனுக்கும் இதே நோய்தான். நாங்கள் மன்னார்குடிப் பக்கம். நாலு வயசில் வரப்பில் நடந்தால் விழுந்துகொண்டே இருப்பான். எழும்போது இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, தன் உடம்பின்மேல் தானே ஏறுவதுபோல எழுவான். கெண்டைக்கால் மட்டும் திரண்டிருக்கும். "பிள்ளைக்கு நல்ல கால்" என்று சொன்னவர்களில் ஒரு டாக்டரும் உண்டு. ஒன்றரை வருஷம் அப்படியே போனது. பிறகு, தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் சி.கே. என்ற நொதியின் அளவைப் பார்த்தால் 12,000-க்கு மேல். 200 சொச்சத்துக்குள் இருக்க வேண்டியது.

டிஸ்ட்ரோபின் என்ற தசைப் புரதத்துக்கான மரபணுவில் 79 எக்சான்கள், அதாவது புரதம் செய்வதற்கான குறிப்புள்ள துண்டுகள், உண்டு. இவனுக்கு 48 முதல் 50 வரை இல்லை. உங்கள் மகனுக்கு வேறு இடத்தில் குறை இருக்கலாம். சிக்கலே அங்கேதான். உடம்பு அந்தக் குறிப்பைப் படிக்கும்போது 51-ஆம் எக்சானைத் தாண்டவைக்கும் மருந்துக்கு 2016-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. நோயைத் தீர்க்கும் மருந்தல்ல அது. இந்த நோயுள்ள நூறு பிள்ளைகளில் சுமார் 13 பேருக்குத்தான் பொருந்தும். நோயே ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது. ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்க டெல்டா முழுக்க அலசினாலும் ஆள் தேறாது. அதனால்தான் நாடுகள் சேர்ந்து செய்கின்றன.

மரபணுவைப் பிடித்த கதையும் அப்படித்தான். பாஸ்டனில் லூயி குங்கெல் என்ற விஞ்ஞானியின் குழுவினர், இந்த மரபணு இருக்கும் எக்ஸ் குரோமோசோமிலிருந்து பிரித்த டி.என்.ஏ. துண்டுகளைத் தாங்களே வைத்துக்கொள்ளாமல் பல நாட்டு ஆய்வகங்களுக்கும் கொடுத்தார்கள். 20-க்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் தங்களிடம் வந்த பிள்ளைகளின் மாதிரிகளைப் பார்த்து, முடிவுகளை ஒன்றாக 1986-ல் வெளியிட்டன. மறு வருஷம் டிஸ்ட்ரோபின் அகப்பட்டது. அன்று ரத்தம் கொடுத்த பெற்றோருக்குக் கைமேல் பலன் எதுவும் இருந்திருக்காது. ஆனால் இவனுக்கு எந்த எக்சான் இல்லை என்று இன்று சொல்ல முடிகிறதே, அது அவர்கள் கொடுத்தது.

இப்போது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் பெங்களூருவில் மனநலம், நரம்பியலுக்கான நிம்ஹான்ஸ் நிறுவனமும் பிரேசில், தென் ஆப்பிரிக்கா, துருக்கி, ஸாம்பியா நாட்டு மருத்துவர்களோடு சேர்ந்து தசை, நரம்பு நோய்களின் மரபணுக்களை ஆராய்கிறார்கள். அந்தக் கணக்கில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும். கடைமடைக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: நம் பங்கை நாம் போய்க் கேட்காவிட்டால் தண்ணீர் மேலேயே நின்றுவிடும்.

இன்னொன்று. மாமா மகனைக் கட்டியதால்தான் வந்தது என்று அக்காவை ஊரே பேசியது. பையனுக்கு அம்மாவிடமிருந்து மட்டுமே வரும் எக்ஸ் குரோமோசோம் வழி வரும் இந்த நோய்க்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் சம்பந்தமில்லை. மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு அம்மாவிடம் அந்த மரபணுக் குறை இல்லாமலே புதிதாக வருகிறது. அக்காவைச் சோதித்தபோது அவளிடம் இல்லை. அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். பெயருக்குப் பதில் எண் போடுகிறார்களா, நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா என்று பாருங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். ஆராய்ச்சிக்கென்று உங்களிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போகவே வேண்டாம்; இந்த நோய்க்கு அதை விற்க இங்கே அனுமதியில்லை.

ஏழு வயசானால் பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும். இவனிடமும் கேட்டார்கள். "ஒரு தடவைதானே மாமா குத்துவாங்க?" என்றான். ஒரு தடவைதான் என்றேன். கையை நீட்டினான்.