கணவாயின் நரம்பு – கடிதம்

வணக்கம் ஐயா,

கலிஃபோர்னியாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் கணவாய் (squid) என்னும் கடல் உயிரை அறுத்துப் பார்க்கும் வகுப்பு உண்டு. ஐந்தே நிமிடத்தில் மைப்பை உடைந்து தட்டெல்லாம் கறுத்துவிடுகிறது. பிறகு பிள்ளைகள் ‘பேனா’ எனப்படும், கணவாயின் உடலுக்குள் இருக்கும் மெல்லிய ஓட்டை உருவி, மையில் தோய்த்துத் தங்கள் பெயரை எழுதுவார்கள். அதோடு மணி அடித்துவிடும். சிலர் உயிரை அறுக்க மாட்டோம் என்கிறார்கள். நாற்றம் வேறு. பேசாமல் கணினி மென்பொருளுக்கு மாறிவிடலாமா? முடிந்ததும் மிச்சத்தைச் சமைக்கலாமா என்றும் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ர., சான் ஹோசே

அன்புள்ள ர.,

மாட்டோம் என்கிற பிள்ளைகளை வற்புறுத்தாதீர்கள். கலிஃபோர்னியக் கல்விச் சட்டம் 1988 முதலே அவர்களுக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. பெற்றோரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், மென்பொருளை அவர்களுக்குக் கொடுங்கள். நாற்றத்தைப் பற்றிப் பேச அதிகமில்லை. முந்தைய இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டால் அவ்வளவாக நாறாது. அவசரத்துக்கு வெந்நீரில் போட்டால் தோல் உரிந்து சதை சுருண்டுவிடும்.

மைப்பை உடைவதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். எந்தப் பக்கம் வயிறு என்று பார்க்கும் முன்பே அவர்கள் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்திருக்கிறீர்கள். முதல் கால் மணி நேரம் கத்தரிக்கோல் மேசைக்கே வரக்கூடாது. எட்டுக் கைகளையும் இரண்டு நீண்ட பற்றிழைகளையும் எண்ணட்டும். உறிஞ்சிகளின் பல்வளையத்தை விரலால் தடவிப் பார்க்கட்டும். தலைக்கடியில் குழாயாக நீட்டிக்கொண்டிருக்கும் புனலைக் கண்டுபிடிக்கட்டும். புனல் இருக்கும் பக்கம்தான் வயிறு, அது மேலே பார்க்கும்படி தட்டில் கிடத்த வேண்டும். உறுப்புகளைச் சுற்றிப் பையாக மூடியிருக்கும் தசைச்சுவரான மேன்டிலின் விளிம்பை இடுக்கியால் தூக்கி, கத்தரிக்கோலின் மழுங்கிய முனையை உள்ளே விட்டு, முனை எப்போதும் சுவரை ஒட்டி மேல்நோக்கியே இருக்கும்படி வால்நுனி வரை வெட்ட வேண்டும். மைப்பை நடுக்கோட்டுக்கு நேர் கீழே இருப்பதால் வெட்டு நடுவிலிருந்து அரை விரல் தள்ளிப் போகட்டும். அப்படியும் உடைந்தால் தட்டோடு குளிர்ந்த நீரில் மெல்ல அலசுங்கள். குழாயடியில் நேராகப் பிடித்தால் உறுப்புகள் கிழியும்.

திறந்ததும் இறகு போன்ற இரு செவுள்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறிய இதயம், நடுவில் மூன்றாவது இதயம். பெண் கணவாயாக இருந்தால் வெண்மையான பெரிய சுரப்பிகள் இரண்டு இவற்றை மறைத்துக்கொண்டிருக்கும், அவற்றை விலக்க வேண்டும். இதெல்லாம் உங்கள் பயிற்சித்தாளிலேயே இருக்கும். அதில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

மேன்டிலின் இரு மடல்களையும் விரித்துக் குண்டூசி குத்துங்கள். தலையைப் பின்னிழுக்கும் தடித்த தசைகளை விலக்குங்கள். உள்சுவரில், முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னே, பேனாவின் இரு புறமும் ஒவ்வொரு வெளிறிய நரம்பு முடிச்சு இருக்கும். சில மில்லிமீட்டர்தான். அதிலிருந்து நாலாபுறமும் நரம்புகள் பிரிந்து ஓடுவதால் அதற்கு நட்சத்திர முடிச்சு என்றே பெயர். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து, ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால் நரம்பு வெளுத்து எடுப்பாகத் தெரியும். பேனாவை முதலில் உருவிவிட்டால் இரண்டு முடிச்சுகளுக்கும் நடுவிலிருக்கும் சுவர் கிழிந்துபோகும். அதனால்தான் அந்தப் பெயர் எழுதும் விளையாட்டு எனக்குக் கோபத்தைத் தருகிறது. பேனா கடைசியில்தான் வெளியே வர வேண்டும்.

அந்த முடிச்சிலிருந்து வால்நுனி நோக்கி ஓடும் நீளமான நரம்புக்குள் ராட்சத ஆக்ஸான், அதாவது மிகத் தடித்த நரம்பிழை, இருக்கிறது. பல செல்களின் இழைகள் ஒன்றாகக் கலந்து உருவான ஒற்றைக் குழாய் அது. ஆய்வுக்கூடங்களில் பயன்படும் கணவாய்களில் அதன் விட்டம் அரை மில்லிமீட்டர் அளவு வரும். நம் உடலின் மிகத் தடித்த நரம்பிழையே 0.02 மில்லிமீட்டர்தான். 1936இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஜே. இசட். யங் அது நரம்பிழைதான் என்று உலகுக்கு எடுத்துக் காட்டினார். 1939இல் இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வகத்தில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் அதன் உள்ளேயே மின்முனையைச் செருகி நரம்புத் துடிப்பை அளந்தார்கள். 1952இல் அதற்குச் சமன்பாடுகள் எழுதினார்கள், 1963இல் நோபல் பரிசு பெற்றார்கள். சோடியம், பொட்டாசியம் என்று உங்கள் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற பாடம் இந்த இழையிலிருந்து வந்தது. அதைத் தேர்வுக்குப் படிக்கச் சொல்லிவிட்டு, அந்த இழை இருக்கும் உடலைக் கையில் கொடுக்கும்போது அதைக் காட்டாமல் விடுவது என்ன பாடம், சொல்லுங்கள்?

ஏன் இவ்வளவு தடிமன் என்று கேட்க விடுங்கள். இந்த இழைக்கு நம் நரம்புகளில் துடிப்பை வேகமாகக் கடத்த உதவும் மயலின் என்ற கொழுப்பு உறை கிடையாது. தடித்தால்தான் வேகம். தப்பி ஓடும்போது மேன்டில் முழுவதும் ஒரே சமயத்தில் சுருங்கினால்தான் தண்ணீர் புனல் வழியாகப் பீறிடும். ஆகவே முடிச்சிலிருந்து தூரத்துத் தசைக்குப் போகும் இழை தடித்தது, பக்கத்துத் தசைக்குப் போவது மெலிந்தது. அளவுகோலை வைத்து நுனி வரை அளக்கச் சொல்லுங்கள். 12 சென்டிமீட்டர் என்றால், வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 6 மில்லிவினாடி. மெல்லிய இழையில் வினாடிக்கு 1 மீட்டர் வேகமென்றால் 120 மில்லிவினாடி, அதற்குள் முன்பக்கம் சுருங்கத் தொடங்கியிருக்கும். இந்தக் கணக்கை அவர்களே போட்டுக் கண்டுபிடிக்கட்டும், அம்மா. எந்த மென்பொருளும் அந்தத் தூரத்தை அவர்கள் கையால் அளக்கவைக்காது. உறைந்து உருகிய கணவாயில் நரம்பு துடிக்காது, கண்ணால் பார்க்க மட்டுமே முடியும். தனி இழையைப் பிரிக்க நுண்ணோக்கி வேண்டும். வகுப்புக்கு நரம்பைப் பார்ப்பதே போதும்.

இரண்டு பேருக்கு ஒரு கணவாய் கணக்காக, தலையும் குடலும் எடுக்காத முழுக் கணவாயாகக் கேட்டு வாங்குங்கள். சுத்தம் செய்து வளையலாக நறுக்கியது எதற்கும் உதவாது. சமைக்கும் பேச்சே வேண்டாம். ஆய்வகத் தட்டும் கத்தரிக்கோலும் பட்டது வாய்க்குள் போகக்கூடாது. செய்தித்தாளில் சுற்றி, பையில் இறுகக் கட்டி, அன்றைக்கே வெளிக்குப்பைக்கு அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமையில் மட்டும் இந்த வகுப்பை வைக்காதீர்கள்.