ஓடாமல் நிற்கும் முதல் கார்

கேள்வி: எனக்கு வயது 52. என் 24 வயதில், சொந்தச் சம்பாத்தியத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய கார் ஆறு வருடமாக ஓடாமல் நிற்கிறது. வேறு கார் இருக்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் சில சாயங்காலங்களில் பழைய காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். "இடத்தை அடைக்கிறது, வித்துடலாம்ப்பா" என்கிறான் மகன். ஒரு வண்டிமேல் இவ்வளவு பாசம் வைப்பது சரிதானா? விற்பதா, வைத்துக்கொள்வதா?

பதில்: பாசம் வைப்பது சரிதான். இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் அவர்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லச் சொன்னால், சுமார் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் அதிகமாக வந்து விழும். நினைவாற்றலை ஆராய்பவர்கள் இதைப் பல முறை பார்த்திருக்கிறார்கள். முதல் வேலை, முதல் காதல், தனியாக எடுத்த முதல் முடிவு எல்லாம் அந்த வயதில்தானே? அந்த வயதில்தான் உங்கள் காரும் உங்களோடு வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குள் அடிக்கும் வாசனைக்கும் இதில் பங்கு உண்டு. மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளுக்கு மற்ற புலன்களைவிட மூக்கிலிருந்து நேரான வழி இருக்கிறது. கதவைச் சாத்தியதும் 24 வயது திரும்பி வருவது அதனால்தான்.

ஆனால் உங்கள் புது காரிலும் வாசனை உண்டு, பயணங்கள் உண்டு. அதன்மேல் ஏன் இந்தப் பாசம் வரவில்லை? பழைய கார் உங்களிடம் வேலை வாங்கியது என்பதே என் பதில். கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த வண்டி என்றால் உங்களுக்கே தெரியும். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்தால்தான் பற்றும். கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டால் பெட்ரோல் நிரம்பி மக்கர் பண்ணும். எவ்வளவு இழுக்க வேண்டும், எப்போது உள்ளே தள்ள வேண்டும் என்பதை உங்கள் கைதான் கற்றுக்கொண்டது. க்ளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்பது காலுக்குத் தெரியும். ஏதாவது புதுச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்திருப்பீர்கள். இப்போதைய கார்களில் பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. சௌகரியம்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் நாம் கவனித்துப் பழகிய ஒன்றோடுதான் நமக்கு உறவு உண்டாகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஓட்டப் போகிறீர்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தி வைக்கத்தான் என்றால் விற்றுவிடுங்கள். கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம். ஆனால் நிற்கிற கார் அப்படியே பத்திரமாக இருப்பதில்லை. பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டர் துளைகளை அடைக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள் துருப்பிடிக்க வைக்கும். ரப்பர் ஹோஸ்கள் விரிசல் விடும், வயர்களை எலி கடிக்கும். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விட்டு அணைப்பதும் உதவாது. இன்ஜின் நன்றாகச் சூடேறாததால் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கிவிடும். அவ்வப்போது அரை மணி நேரமாவது சாலையில் ஓட வேண்டும்.

ஓட்டலாம் என்று முடிவு செய்தால், ஆசையில் உடனே சாவியைத் திருகிவிடாதீர்கள். பழைய வண்டிகள் தெரிந்த மெக்கானிக் ஒருவரை வரவழையுங்கள். டேங்கைக் காலி செய்து, ஆயிலும் பிரேக் ஆயிலும் மாற்றி, இன்ஜின் கையால் சுற்ற வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பத்து வருடத்தைத் தாண்டியிருந்தால், பட்டன் (தரையில் படும் மேடு பள்ளம்) தேயாமல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

விற்பதாக இருந்தாலும் ஒருமுறை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு விற்கப் பாருங்கள். இன்ஜின் சத்தத்தை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். காரின் குணங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்: சோக் எவ்வளவு, எந்தக் கதவை எப்படிச் சாத்த வேண்டும், மழையில் என்ன தகராறு பண்ணும். பிரித்துக் காசு பார்ப்பவரிடம் போகாமல் ஓட்ட ஆசைப்படுகிறவரிடம் கொடுங்கள், அந்தத் தாளோடு.

அப்புறம் மகன். அவன் பார்த்ததெல்லாம் ஓடாத கார். எந்த முடிவானாலும், வண்டி தயாரானதும் அவனை முதலில் ஸ்டீயரிங்கில் உட்கார வைத்து, பக்கத்து சீட்டில் நீங்கள் உட்காருங்கள். சோக்கை இழுக்கச் சொல்லிக் கொடுங்கள். அவன் அதை ஓட்ட விரும்பினால், விற்கிற பேச்சை நீங்கள் இருவரும் சேர்ந்து இன்னொரு முறை பேசலாம்.