உலகம் அழியும் நேரத்தில் வாணலி தேடலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (மார்த்தாண்டம் வாசகர்): 'விட்சர் 3' என்ற வீடியோ கேமை விளையாடிக்கொண்டிருக்கிறேன். வளர்ப்பு மகளைக் கொடியவர்கள் துரத்துகிறார்கள், கணமும் தாமதிக்கக் கூடாது என்கிறது கதை. நானோ மூன்று வாரமாகச் சத்திரம் சத்திரமாக உட்கார்ந்து கேமுக்குள்ளேயே வரும் குவென்ட் என்ற சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருக்கிறேன். மனம் உறுத்துகிறது, ஆனாலும் எழுந்திருக்க மனமில்லை. தவறு என்னிடமா, கேமிடமா?

பதில்: பெரும்பங்கு தவறு கேமிடம்தான். ஆனால் அந்தத் தவறு சைடு குவெஸ்ட்டில், அதாவது முதன்மைக் கதைக்கு வெளியே வரும் கிளைப்பணியில், இல்லை என்பது என் கட்சி. 2015இல் வந்த அந்த கேமின் முதல் நிலப்பகுதியான ஒயிட் ஆர்ச்சர்டில் ஒரு மூதாட்டி கதாநாயகன் கெரால்ட்டை நிறுத்தி, பூட்டிக் கிடக்கும் குடிசைக்குள் மாட்டிக்கொண்ட தன் வாணலியை எடுத்துத் தரும்படி கேட்பாள். உள்ளே போனால் ஒரு பிணம் கிடக்கும். வாணலியோ தேய்த்து வைத்ததுபோல் பளிச்சென்று இருக்கும், ஏனென்றால் அதன் அடிக்கரியைச் சுரண்டி எவனோ எழுதுவதற்கு மை செய்திருக்கிறான். ஐந்து நிமிட வேலைதான். ஆயினும் படைகள் மிதித்துப் போன ஒரு சிற்றூரில் எளியவளுக்கு எது பெரிது என்பதை அந்த வாணலி காட்டிய அளவுக்கு, அரசர்கள் பேசும் நீண்ட வசனங்கள் எனக்குக் காட்டவில்லை. கெரால்ட் கூலிக்கு அரக்கர்களைக் கொல்பவன் என்பதால், வழியில் நின்று வேலை செய்து காசு வாங்குவது அவன் இயல்புக்கும் பொருந்துகிறது. பொருந்தாமல் நிற்பது 'இப்போதே' என்ற சொல் மட்டும்தான்.

அதே ஆண்டில் வந்த 'ஃபால்அவுட் 4' இந்தப் பொருந்தாமையை இன்னும் தூக்கலாகக் காட்டும். கைக்குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோராக வெளியே வருகிறோம். வந்த சிறிது நேரத்திலேயே பழைய இரும்பு பொறுக்கி, ஊராருக்குக் கட்டிலும் கூரையும் அமைத்துக்கொண்டிருக்கிறோம். கதை எழுதுகிறவருக்கு முதல் அரைமணி நேரத்தில் நம் நெஞ்சைப் பிடித்து உலுக்க வேண்டியிருக்கிறது. உலகத்தை வடிவமைக்கிறவருக்கோ நாம் நூறு மணி நேரம் ஆர அமரத் திரிய வேண்டியிருக்கிறது. இருவருக்கும் நடுவே சமரசம் செய்யாமல், அவசரத்தை வசனத்தில் மட்டும் வைத்துவிட்டு, கணக்கில் வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆகவே கோட்டை வாசலில் மூச்சிரைக்க நிற்கும் தூதன், நாம் ஒரு மாதம் கழித்துப் போனாலும் அதே மூச்சிரைப்போடு நிற்கிறான்.

இப்படிப் பத்து கேம் விளையாடியவன் எந்தப் பதற்றத்தையும் நம்பாமல் பழகிவிடுகிறான். 2011இல் வந்த 'டியஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்' தொடக்கத்தில், பணயக் கைதிகளை மீட்க ஹெலிகாப்டர் காத்திருக்கிறது, உடனே வா என்பார்கள். நான் வழக்கம்போல் அலுவலகத்தின் ஒவ்வோர் அறையாக நுழைந்து, கணினிகளைத் திறந்து அடுத்தவர் மின்னஞ்சல்களைப் படித்துக்கொண்டிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது கைதிகள் இறந்திருந்தார்கள். கோபத்தோடு, முன்பு சேமித்து வைத்திருந்த கட்டத்துக்குத் திரும்பியபோதுதான், சொன்ன சொல்லைக் காப்பாற்றிய கேமை நான் நம்பாதது உறைத்தது.

அவசரமும் சுற்றித் திரிதலும் ஒத்துப்போகவே முடியாதா என்றால், முடியும். நம் குமரி மாவட்டத்துக்காரருக்கு இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மகாசிவராத்திரியையொட்டி நடக்கும் சிவாலய ஓட்டத்தில், முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு என்று 12 கோயில்களைத் தொட்டு, திருநட்டாலத்தில் முடிக்கிறார்கள். கையில் விசிறியோடு 'கோவிந்தா, கோபாலா' என்று ஓடுகிறவரைப் பார்த்து, நேராக நட்டாலத்துக்கு ஒரு பேருந்து பிடித்தால் என்ன என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் நடுவில் உள்ள கோயில்களும் சேர்ந்ததுதான் ஓட்டம். 2000இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 2' இந்த வேலையைச் செய்தது. உடன் வளர்ந்த பெண்ணைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். மீட்க உதவ ஒரு கூட்டம் முன்வருகிறது, ஆனால் ஆயிரக்கணக்கில் பொற்காசு கேட்கிறது. நகரத்தில் கிடைக்கும் ஒவ்வொரு சில்லறை வேலையும் அவளை மீட்கச் சேர்க்கும் காசாகிவிடுவதால், சுற்றுவதே அவசரமாகிறது. 'மாரோவிண்ட்' (2002) இன்னும் எளிமையாக, நாம் பார்க்கப் போகும் ஒற்றர் தலைவரின் வாயாலேயே, நீ இன்னும் பழகவில்லை, போய் நாலு இடத்தில் வேலை செய்து தேறி வா என்று சொல்லவைத்தது. 'பிரெத் ஆஃப் தி ஒயில்ட்' (2017) கதையில் இளவரசி 100 ஆண்டுகளாகப் பகைவனைத் தடுத்துக்கொண்டிருக்கிறாள்; தொடக்க மேட்டை விட்டு இறங்கியதும் நேரே அவனிடம் போகவும் வழி திறந்திருக்கிறது. போகாமல் காளான் பறித்தால், அது நாமே எடுத்த முடிவு.

எனவே சீட்டை மனம் உறுத்தாமல் ஆடுங்கள். சலிப்புத் தட்டிய அன்று எழுந்துவிடுங்கள்.

கேள்வி (குலசேகரம் வாசகர்): அப்படியானால் எல்லா கேமுக்கும் உண்மையான கெடு வைத்துவிடலாமே? வைத்தால் என்னைப் போன்றவன் விளையாட முடியுமா? விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவன் நான்; இரவில் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது.

பதில்: உங்கள் தயக்கம் சரியானது. 1997இல் வந்த முதல் 'ஃபால்அவுட்' நிலத்தடி ஊரின் தண்ணீர் இயந்திரத்துக்குச் சில்லு கொண்டுவர 150 நாள் கெடு வைத்தது. தண்ணீர் வணிகர்களுக்குப் பணம் கொடுத்தால் மேலும் 100 நாள் கிடைக்கும். அந்தக் கெடு எனக்குப் பிடித்தது, ஏனெனில் பாலைவனத்தில் ஒவ்வொரு பயணமும் எத்தனை நாள் தின்னும் என்று கணக்குப் பார்த்து அடி வைக்க நேர்ந்தது. ஆனால் கதையின் பிற்பகுதிக்கு வைத்த இன்னொரு கெடுவை, பின்னர் வந்த திருத்தத்தில் அவர்களே தளர்த்திவிட்டார்கள்.

கெடுவை அழகாக வைத்த கேம் என்றால் நான் 'மஜோராஸ் மாஸ்க்'கைத்தான் சொல்வேன் (2000). மூன்று நாளில் நிலவு ஊரின்மேல் விழும். நம் கடிகாரத்தில் அது ஏறத்தாழ 54 நிமிடம்தான். விழுமுன் ஒரு பாட்டை இசைத்து முதல் நாள் காலைக்குத் திரும்பலாம். அந்த மூன்று நாளில் ஊரில் ஒவ்வொருவரும் எந்த மணிக்கு எங்கே நிற்பார் என்பதற்கு ஒழுங்கு உண்டு. விடுதி நடத்தும் பெண்ணுக்கும் காணாமற்போன அவள் மணமகனுக்கும் இடையிலான பணியை முடிக்க, குறித்த வேளைகளில் குறித்த இடத்தில் இருந்தாக வேண்டும். கடைசி இரவில், நிலவு தலைக்குமேல் தொங்க, அவளோடு அறையில் காத்திருப்பதைவிட உருக்கமான ஒரு சைடு குவெஸ்ட்டை நான் பார்த்ததில்லை. அங்கே கெடுதான் கிளைக்கதைக்கே உயிர். உங்களுக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரத்துக்கு அளந்து தைத்ததுபோல் ஒரு சுற்று முடிந்துவிடும்.

நடுவழியும் உண்டு. 'மாஸ் எஃபெக்ட் 2' (2010) நெடுநேரம் நம்மை விருப்பம்போல் திரியவிட்டு, ஒரு கட்டத்தில் கப்பல் பணியாளர்களைப் பகைவர் கடத்தும்போது மட்டும் கணக்குப் பார்க்கத் தொடங்கும். உடனே போனால் அவர்கள் பிழைப்பார்கள். ஓரிரண்டு வேலை பார்த்துவிட்டுப் போனால் பாதிப் பேர் இல்லை. நாள் முழுவதும் ஓடச் சொல்லாமல், ஓட வேண்டிய ஒரே இடத்தில் உண்மையாக ஓடச் சொல்கிறது.

கேள்வி (குளச்சல் வாசகர்): 'பால்டர்ஸ் கேட் 3'இல் தலைக்குள் புழு இருக்கிறது, விரைவில் உருமாறிவிடுவோம் என்கிறார்கள். பயந்து நான் முகாமில் உறங்கவே இல்லை. என் நண்பர், பாதிக் கதையைத் தவறவிட்டாய் என்கிறார். உண்மையா?

பதில்: உண்மைதான். தோழர்கள் மனம் திறந்து பேசும் காட்சிகள் பலவும் இரவு முகாமில்தான் வருகின்றன. உறங்காதவருக்கு அவை திறப்பதில்லை. 2023இல் வந்த அந்தக் கேமில் புழுவுக்குக் கெடு இல்லை. ஆனால் எரியும் சத்திரத்தைப் பார்த்துவிட்டு உறங்கப் போனால், உள்ளே சிக்கியவர்கள் பிழைக்க மாட்டார்கள். மெய்யும் பொய்யும் ஒரே குரலில் பேசுவதுதான் இதில் உள்ள குறை.

உங்கள் ஊரில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது வலை பொத்துவதையோ இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதையோ யாரும் கடமை தவறியதாக எண்ணுவதில்லை. கதைக்குள்ளேயே அப்படி ஒரு தடைக்காலம் வைத்து, இப்போது நிற்கலாம் என்று கேம் சொல்லியிருந்தால் நீங்களும் நிம்மதியாக உறங்கியிருப்பீர்கள்.

கேள்வி (பொற்றையடி வாசகி): சஞ்சீவி மலையோடு அனுமன் பறந்தபோது விழுந்த துண்டுதான் எங்கள் மருந்துவாழ்மலை என்று பாட்டி சொல்வார். இதை ஓப்பன் வேர்ல்டு கேமாக, அதாவது விருப்பம்போல் திரியவிடும் கேமாக எடுத்தால் எப்படி இருக்கும்?

பதில்: இன்றைய வழக்கப்படி எடுத்தால், இலக்குவன் மயங்கிக் கிடக்க, அனுமன் நடுவானில் நிறுத்தப்பட்டு ஐம்பது மூலிகை பறித்துத் தரும்படி கேட்கப்படுவார். என்னிடம் விட்டால், பொழுது விடியுமுன் போய்ச் சேர வேண்டும் என்ற கெடுவை மெய்யாகவே வைப்பேன்; மூலிகையைப் பிரித்தறிய நின்றால் நேரம் போகும், மலையைப் பெயர்த்தால் பாரம் கூடி வேகம் குறையும் என்று இரண்டுக்கும் விலை வைப்பேன். பறக்கும்போது வழியில் ஒரு சைடு குவெஸ்ட்டும் கிடையாது. இலக்குவன் எழுந்த பிறகு, கீழே விழுந்த அந்தத் துண்டு மலையில் ஆட்டக்காரரை இறக்கிவிடுவேன். அங்கே பாட்டியோடு ஏறி, எத்தனை நாள் வேண்டுமானாலும் மூலிகை பறித்துக்கொள்ளலாம்.