ஓட்டல் மசால் தோசையில் எத்தனை கலோரி?

கேள்வி: மருந்து நிறுவனப் பிரதிநிதியாகத் திருச்சி வட்டாரத்தில் அலைவதால், வாரத்தில் பெரும்பாலான நாள்கள் மதியமும் இரவும் ஓட்டலில்தான் சாப்பிடுகிறேன். எடையைக் குறைக்க நாளொன்றுக்கு 1,800 கலோரிக்குள் சாப்பிடும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். கைப்பேசிச் செயலியில் மசால் தோசை என்று தேடினால் ஓரிடத்தில் 170, மற்றோரிடத்தில் 420 என்று வருகிறது. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கக்கூடும். 170 என்பது வீட்டுக் கல்லில் சிறிதாக வார்த்த தோசையாக இருக்கலாம். உங்கள் ஓட்டலில் வருவது அதுபோல் இரண்டு மடங்கு மாவில், மூன்று மடங்கு எண்ணெயில் வார்த்ததாக இருக்கலாம். ஆகவே பலகாரத்தின் பெயரை வைத்துத் தேடுவதை விட்டுவிட்டு, தட்டில் உள்ளதைத் தானியம், கொழுப்பு என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். அரிசி, மைதா, ரவை, பருப்பு எதுவாயினும் சமைக்காத நிலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி. வெந்த சோறு 100 கிராமுக்கு 130. எண்ணெயோ நெய்யோ டால்டாவோ ஒரு தேக்கரண்டிக்குச் சுமார் 45. உடல்நலத்துக்கு இந்த மூன்றும் ஒன்றல்ல என்றாலும் கலோரிக் கணக்கில் வேறுபாடு மிகக் குறைவு. சமைக்காத பொருள்களின் மதிப்பை நீங்களே சரிபார்க்க விரும்பினால், ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுப் பொருள் அட்டவணை உண்டு. அதில் ஆற்றல் கிலோஜூலில் தரப்பட்டிருப்பதால், 4.184ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் மசால் தோசைக்கு வருவோம். கல்லுக்கு அருகில் உட்கார இடம் கிடைத்தால் மாஸ்டரின் கையைக் கவனியுங்கள்: மாவைத் தேய்த்ததும் ஓரத்தைச் சுற்றி ஒருமுறை எண்ணெய் விடுவார்; முறுகலாக வர நடுவிலும் தெளிப்பார்; மசாலாவை வைத்து மடிப்பதற்கு முன் சில இடங்களில் மேலே நெய்யும் விழும். இவை எல்லாம் சேர்ந்து மூன்று தேக்கரண்டிக்குக் குறையாது, அதாவது 135 கலோரி. மாவு 130 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால், 200 கலோரி வரும். உருளைக்கிழங்கு மசாலாவுக்குத் தாளித்த எண்ணெயையும் சேர்த்து 110 போடலாம். ஆக 445. இரண்டு கரண்டி தேங்காய்ச் சட்னியும் ஒரு கிண்ணம் சாம்பாரும் இன்னொரு 130ஐக் கூட்டிவிடும். சட்னியைச் செயலியில் பதிவதே இல்லை என்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். இரண்டாவது முறை கேட்டு வாங்கும் சட்னியை யாருமே பதிவதில்லை.

பரோட்டாவிலோ எண்ணெயின் பெரும்பகுதி கண்ணில் படாது. மாவைப் பிசையும்போதும், உருண்டைகளை ஊறவைக்கும்போதும், வீசிச் சுருட்டும்போதும், கல்லில் போட்டபின்னும் எண்ணெய் சேர்கிறது. 60 கிராம் மைதாவுக்கு 210, இரண்டரைத் தேக்கரண்டி எண்ணெய்க்கு 110 என்று வைத்தால் ஒரு பரோட்டா 320 கலோரி. இரண்டு பரோட்டாவும், மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கும் சால்னாவும் 750ஐத் தாண்டும். கொத்துப் பரோட்டா என்றால் முட்டையும் கல்லில் மறுபடி ஊற்றும் எண்ணெயும் அதற்கு மேல். விருதுநகர்ப் பக்கம் பொரித்தெடுக்கும் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு இந்தக் கணக்குப் பற்றாது.

இதற்கு நேர்மாறாக, ஆவியில் வேகும் இட்லியில் ஏமாற இடமே குறைவு. ஓட்டல் இட்லி ஒன்றுக்கு 70 என்று போட்டுவிடலாம். கூட வரும் வடைக்கு 150. பொங்கல் பார்வைக்குச் சிறியது, ஆனால் கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்த ஒரு பொங்கலில் 70 கிராம் அரிசியும் பருப்பும் இருந்தால் 245, நான்கு தேக்கரண்டி நெய்க்கு 180, ஆக 425. அதற்கு வடையும் சேர்ந்தால் மசால் தோசையை எட்டிவிடும்.

மதியச் சாப்பாட்டில் மட்டும் நிலைமை மாறுகிறது: அங்கே கணக்கைத் தீர்மானிப்பது சோறுதான். அளவுச் சாப்பாட்டில் 350 கிராம் சோறு இருந்தால் 455 கலோரி. சாம்பார், ரசம், பொரியல், கூட்டு, அப்பளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 300 போதும். பாயசத்துக்குத் தனியாக 150. அளவில்லாச் சாப்பாட்டில் சோற்றைக் கணிப்பது கடினம், ஏனென்றால் ஒவ்வொரு குழம்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விழும் சோறு நினைவில் நிற்காது. நீங்கள் தினமும் வெளியில் சாப்பிடுபவர் என்பதால் அளவுச் சாப்பாட்டையே வாங்கும்படி சொல்வேன்.

மேலே சொன்ன எடைகள் பொதுவானவை. உங்கள் ஓட்டலுக்கு உரிய எடையை அறிய எளிய வழி, வழக்கமாகச் சாப்பிடும் நாலைந்து பண்டங்களை ஒரு வாரம் பார்சலாக வாங்கி, சமையலறைத் தராசில் தனித்தனியே நிறுத்துக் குறித்துக்கொள்வதுதான். பார்சலில் சோறு சற்றுத் தாராளமாகவே இருக்கும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். ஒருமுறை நிறுத்துவிட்டால், மாஸ்டர் மாறும்வரை அந்த எண்களே போதும்.

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு பரிமாறலுக்கான கலோரியை மெனுவில் காட்ட வேண்டும். அத்தகைய இடங்களில் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்; அது தொட்டுக்கொள்பவற்றையும் சேர்த்ததா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஒரு வேளைக்கு 100 கலோரி முன்பின் ஆகத்தான் செய்யும். அதை ஈடுகட்ட உடல் எடையையே பயன்படுத்தலாம். காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, நான்கு வாரச் சராசரியைக் கவனியுங்கள். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்பதால், நாளொன்றுக்கு 400 குறைத்திருப்பதாக உங்கள் கணக்கு சொன்னால், நான்கு வாரத்தில் ஒன்றரைக் கிலோவை ஒட்டிக் குறைந்திருக்க வேண்டும். முக்கால் கிலோதான் குறைந்தது என்றால், நாளுக்குச் சுமார் 200 கலோரி உங்கள் பதிவில் விடுபட்டிருக்கலாம். முதலில் எண்ணெய்த் தேக்கரண்டிகளைக் கூட்டிப் பாருங்கள். அடுத்ததாக, ஊர் ஊராகப் போகும்போது குடிக்கும் காபியைப் பாருங்கள், சர்க்கரை போட்ட ஒரு டம்ளருக்கு 100 கலோரி.